எடுக்கும்போதே எல்லோருக்குமாக எடுங்கள்

"மேலும் விவரங்களுக்குத் திரையில் தெரியும் எண்ணை அழையுங்கள்." தமிழ்த் தொலைக்காட்சியில் அன்றாடம் கேட்கும் வாக்கியம். பார்வையற்ற ஒருவருக்கு அதில் எண்ணே இல்லை. பத்து இலக்கத்தை வாய்விட்டுச் சொல்ல ஐந்தாறு விநாடி போதும். தனிக் கருவி வேண்டாம், செலவும் இல்லை. காணொளியை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டவைக்கும் வேலையில் பாதிக்குமேல் இந்த மாதிரிதான். எழுதும்போதும் படம்பிடிக்கும்போதும் யோசித்தால் சுலபமாக முடியும். எல்லாம் முடிந்தபின் ஒட்டுப்போட உட்கார்ந்தால் பணமும் போகும், சரியாகவும் வராது.

சட்டமும் இதைக் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரணை, சைகை மொழிபெயர்ப்பு, கேப்ஷன் (கேட்பதைத் திரையில் எழுத்தாகத் தருவது) ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. செவித்திறன் குறைந்தோருக்கான தொலைக்காட்சித் தரநிலைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019-இல் வெளியிட்டது. திரையரங்குகளுக்கான நெறிமுறைகள் 2024 மார்ச்சில் வந்தன. யூடியூப் சேனல் நடத்துபவரானாலும் செய்திப் பிரிவில் வேலை பார்ப்பவரானாலும் குறும்படம் எடுப்பவரானாலும், நாளைய படப்பிடிப்பிலேயே தொடங்கக்கூடியவற்றைக் கீழே தந்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

● எடுத்த காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். "இதை இந்த அளவுக்கு எடுத்துக்கிட்டு, இப்படிப் போட்டு, இந்தக் கலர் வந்ததும் இறக்கிடுங்க" என்று சமையல் காணொளிகளில் சொல்கிறார்கள். கேட்பவருக்கு மிஞ்சுவது எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும். "ஒரு ஸ்பூன் கடுகு போடுங்க, வெடிச்சு அடங்கினதும் வெங்காயம், ஓரம் சிவந்ததும் தக்காளி" என்று சொல்லிப் பாருங்கள். பார்வையற்றவர் சமைத்து விடுவார், அடுப்படியில் நின்றபடி காதில் மட்டும் கேட்பவரும் சமைத்து விடுவார். புயல் செய்தியில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வரைபடத்தில் விரலை வைத்து "இந்தப் பகுதியில்தான் கரையைக் கடக்கும்" என்று சொல்லாதீர்கள். ஊர்ப் பெயர்களைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள், உதவி எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள். சொன்ன அத்தனையும் எழுத்திலும் திரையில் வரட்டும்.

● கேப்ஷனில் பேச்சோடு சத்தத்தையும் எழுதுங்கள். [வெளியே நாய் குரைக்கிறது], [பிரஷர் குக்கர் விசில்], [மேளச் சத்தம் நின்றுவிடுகிறது] என்பவையும் கதையின் பகுதிதான். பேசுபவர் திரையில் இல்லையென்றால் அவர் பெயரைப் போடுங்கள். [இசை] என்று மட்டும் எழுதினால் போதாது. அது தாலாட்டா, பறையா, பயமுறுத்தும் ஒற்றை வயலினா என்று எழுதினால்தான் காட்சி புரியும்.

● தமிழ்க் கேப்ஷனை யூனிகோடில் தட்டச்சு செய்து, யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஏற்றினால் பார்வையாளரின் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் சிதறி நிற்கும். இதில் ஒரு வரலாறு உண்டு. 1972-இல் பாஸ்டனின் டபிள்யூஜிபிஹெச் நிலையம் ஜூலியா சைல்டின் 'த ஃபிரெஞ்ச் செஃப்' என்ற சமையல் நிகழ்ச்சியைக் கேப்ஷனோடு ஒளிபரப்பியது. விரும்பினால் வரவழைக்கவும் வேண்டாமென்றால் மறைக்கவும் முடிகிற கேப்ஷன் அமெரிக்காவில் 1980-இல் தொடங்கியது. அதற்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு டிவிக்குள்ளும் அந்தச் சில்லு இருந்தே ஆகவேண்டும் என்று 1990-இல் சட்டம் வந்த பிறகுதான் அது வீடுதோறும் போனது. ஆனால் அந்த முறை ரோமன் எழுத்துக்காக அமைக்கப்பட்டது, தமிழ் எழுத்து அதில் ஏறாது. இன்று யூனிகோடும் இணையமும் கையில் இருக்கின்றன. தமிழுக்கு இவ்வளவு வசதியான காலம் முன்பு வாய்த்ததில்லை. அதை வீணாக்க வேண்டாம்.

● வரியைப் பொருள் பார்த்து உடையுங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், சொற்களும் நீளமானவை. "அவனைக் கொல்ல" என்று ஒரு கேப்ஷனும் "வேண்டாம்" என்று அடுத்த கேப்ஷனும் வந்தால், நடுவே உள்ள நொடியில் படிப்பவர் நேர் எதிரான செய்தியைப் படித்துவிடுகிறார். 'சொல்லிக் கொடுத்தான்', 'ஓடிப் போனான்' போன்றவற்றையும் பிரிக்காதீர்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். படித்து முடிக்கும் நேரமாவது அவை திரையில் நிற்கட்டும்.

● செய்தியிலும் பாடத்திலும் எழுத்துத் தமிழ், கதையில் பேச்சுத் தமிழ் என்று வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பள்ளியில் கற்ற எழுத்துத் தமிழே செவித்திறன் குறைந்த பலருக்குப் பழக்கம், ஆகவே முழுக்க எழுத்துத் தமிழிலேயே தர வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கோவைக்காரர் 'ஏனுங்க' என்று கேட்பதை 'ஏன்' என்று மாற்றினால் அந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு வாய் ஒன்று சொல்ல, எழுத்து வேறொன்று சொல்லும் குழப்பமும் வரும்.

● ஒலி விவரணைக்கு இடம் விடுங்கள். வசனங்களுக்கு இடையே உள்ள மௌனத்தில் ஒரு குரல் காட்சியைச் சொல்லிக்கொண்டு போவதுதான் ஒலி விவரணை. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும், முடிவை அல்ல. "அவள் மனம் உடைந்துபோனாள்" என்பது விவரணையாளரின் முடிவு. "கடிதத்தை நான்காக மடிக்கிறாள், திறக்கிறாள், மறுபடி மடிக்கிறாள்" என்று சொன்னால் போதும், மீதியைக் கேட்பவர் புரிந்துகொள்வார். கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தி, ஊர்ப் பெயர்ப் பலகை, "ஐந்து வருடங்களுக்குப் பிறகு" என்ற எழுத்து எல்லாம் குரலாக வேண்டும். பாடலில் வரிகளின் மேல் பேசாமல் இடையிசையில் பேசுங்கள்.

கமல்ஹாசன் நடித்து 1987-இல் வந்த 'பேசும் படம்' வசனமே இல்லாதது. காது கேளாத ஒருவர் அதை ஏறத்தாழ முழுமையாகவே ரசிக்கலாம். விவரணை இல்லையென்றால் பார்வையற்றவருக்கு அதில் இசையும் இரைச்சலும்தான். படத்துக்குப் படம் தேவை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் விவரணையைத் தொடங்கியது 2015 ஏப்ரலில், 'டேர்டெவில்' தொடரில். பார்வையற்ற நாயகனின் கதையைப் பார்வையற்றவர்களே பின்தொடர முடியவில்லை என்று ரசிகர்கள் குரல் எழுப்பிய பிறகு அது நடந்தது. இங்கே 2023 ஜனவரியில், 'பதான்' படம் ஓடிடியில் வரும்போது ஒலி விவரணையும் கேப்ஷனும் இருக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் தயாரிப்பாளருக்கு உத்தரவிட்டது. இரண்டு இடத்திலும் பார்வையாளர்கள் கேட்டுத்தான் பெற்றார்கள்.

● திரையரங்கில் விவரணை தரப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. படத்தின் ஒலியைக் கைப்பேசிச் செயலி மைக் வழியாகக் கேட்டு, எந்தக் காட்சி ஓடுகிறது என்று கண்டுகொண்டு, அதற்குரிய விவரணையைப் பார்வையாளரின் இயர்போனில் மட்டும் ஒலிக்கச் செய்யும். பக்கத்து இருக்கைக்குத் தொந்தரவு இல்லை.

● சைகை மொழிபெயர்ப்பாளருக்கு நல்ல வெளிச்சமும் எளிய பின்னணியும் கொடுங்கள். சட்டை நிறம் கைகளின் நிறத்திலிருந்து வேறுபட்டு இருக்கட்டும். முழங்கை அகலும் அளவுக்குச் சட்டகத்தில் இடம் வேண்டும், முகபாவம் தெரியும் அளவுக்குப் பெட்டியும் பெரிதாக வேண்டும். சைகை மொழியில் புருவமும் உதடும் இலக்கணத்தின் பகுதி. கேப்ஷன் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்க வேண்டாம். சைகையே முதல் மொழியாக வளர்ந்தவருக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி.

செய்யக்கூடாதவை

● இயந்திரம் தானாக எழுதித் தரும் கேப்ஷனை அப்படியே வெளியிடாதீர்கள். 'வலி' என்பது 'வழி' ஆகும், 'கரை' என்பது 'கறை' ஆகும், ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் உருக்குலையும். இடையே வரும் ஆங்கிலச் சொற்களில் இன்னும் மோசம். காது கேட்பவர் தவறைத் தானே திருத்திக்கொள்வார். எழுத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மருத்துவக் காணொளியில் மருந்தின் அளவு, வேளை, 'கூடாது' என்ற சொல் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இயந்திரம் தருவது முதல் வரைவு. அதிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம், அதோடு நிறுத்தினால் ஆபத்து.

● கேப்ஷன் மீதும் சைகைப் பெட்டி மீதும் எதையும் போடாதீர்கள். நம் செய்தித் திரையின் அடியில் பிரேக்கிங் நியூஸ் பட்டை, அதற்குக் கீழே ஓடும் எழுத்து, பக்கவாட்டில் எல் வடிவ விளம்பரம். விளம்பரம் வரும்போது மொழிபெயர்ப்பாளரின் கைகள் வெட்டுப்பட்டால், அது பேச்சாளரின் வாயைப் பாதி வார்த்தையில் பொத்துவதற்குச் சமம்.

● கெட்ட வார்த்தையையும் கிண்டலையும் கேப்ஷனில் நாகரிகப்படுத்தாதீர்கள். மற்றவர் கேட்பது எதுவோ அதுவே இவர் படிப்பதாகவும் இருக்க வேண்டும்.

● ஒவ்வொரு சொல்லாகத் துள்ளி வரும் வண்ண எழுத்துகள் ரீல்ஸில் அழகாகத் தெரியலாம். படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையில் இருப்பவரை அவை களைப்படையச் செய்யும்.

● விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளியை வைக்காதீர்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான 'போகிமான்' அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை மாறி மாறி மின்னின. அன்று 680-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டும் என்பதற்கு அதற்குப் பிறகு வேறு சான்று தேவைப்படவில்லை. முன்னெச்சரிக்கை வாசகம் போட்டாலும் மின்னுவதைக் குறைப்பதே சரி.

● நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். தேர்தல் முடிவு வரைபடத்தில் வெறும் வண்ணக் கட்டங்கள் போதாது, கட்சிப் பெயரும் எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

● பின்னணி இசையைப் பேச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். காதுக் கருவி அணிந்தவருக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்து இரைச்சலாகிவிடும்.

● பார்ப்பவர்களுக்கும் ஒன்று: டிவி வாங்கும்போது திரையின் அளவை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வீட்டில் பார்வை குறைந்த பெரியவர் இருந்தால், அமைப்புகளுக்குள் போய் டாக்பேக் அல்லது வாய்ஸ் கைடை இயக்கச் சொல்லி, அது தமிழில் மெனுவை வாசிக்கிறதா என்று கடையிலேயே கேட்டுப் பாருங்கள். ரிமோட்டில் 5-ஆம் எண் மேல் தடவிப் பார்த்தால் தெரியும் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

● படம் வெளியான பிறகு கருத்துக் கேட்காதீர்கள். காது கேளாத ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் முதல் படத்தொகுப்பின்போதே அழைத்து, உரிய சம்பளம் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். அப்போதுதான் நாயகி கடிதம் மடிக்கும் காட்சியை இன்னும் மூன்று விநாடி நீட்ட எடிட்டரால் முடியும்.