பழைய விறகு இன்சர்ட் வாங்கும் முன்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர் எட்டிப் பார்க்கும்போதே பழைய பொருள் விளம்பரங்களில் விறகு இன்சர்ட்டுகள் வரத் தொடங்கிவிடும். வீட்டுக் கணப்படுப்பின் வாய்க்குள் பொருத்துகிற, கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி இது. திறந்த கணப்படுப்பில் விறகின் சூடு பெரும்பாலும் புகையோடு கூரைக்கு மேலே போய்விடும். அறைக்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். நல்ல இன்சர்ட் 70 சதவீதம் வரை அறைக்குள் தரும். புதிதாக வாங்கினால் பல ஆயிரம் டாலர் ஆகும் என்பதால், சில நூறு டாலருக்கு வரும் பழையதன் மேல் கண் போவது இயல்பு. தாராளமாக வாங்கலாம். ஆனால் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் சொந்த வீட்டுக் கணப்படுப்பு. விற்பவரின் கராஜுக்குப் பிறகு போகலாம்.

முதலில் அளவு. வாயின் அகலம், உயரம், ஆழம், பின்சுவரின் அகலம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கணப்படுப்புகள் உள்ளே போகப் போகக் குறுகும்; பின்சுவர் மேற்பகுதியில் முன்னோக்கிச் சாயும். முன்பக்க அளவை மட்டும் நம்பி வாங்கிய பெட்டி பாதி வழியில் நின்றுவிடும். முன்னால் தீப்பிடிக்காத தரை எவ்வளவு தூரம் இருக்கிறது, மேலே மரத்தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். அந்த மாடலின் கையேடு கேட்கும் இடைவெளியோடு இவை ஒத்துப்போக வேண்டும்.

கணப்படுப்பு உண்மையில் செங்கல்லால் கட்டியதுதானா என்றும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் இருப்பது தொழிற்சாலையில் செய்த உலோகப் பெட்டி. உள்ளே செங்கல் மாதிரி பலகை ஒட்டியிருப்பார்கள். அதற்குள் வைக்கச் சோதித்துச் சான்று பெற்ற இன்சர்ட்டை மட்டுமே அதில் வைக்கலாம்.

அடுத்தது புகைபோக்கி. பணமும் உயிரும் அடங்கியிருப்பது இங்கேதான். அடுப்பை மாற்றும்போது புகைபோக்கியை இரண்டாம் நிலைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 211 தரநிலை. உள்ளே கேமராவை இறக்கி விரிசல், உடைந்த மண்குழாய், படிந்த கரி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அமெரிக்காவில் சி.எஸ்.ஐ.ஏ., கனடாவில் வெட் (WETT) சான்று பெற்ற புகைபோக்கித் தொழில்நுட்பரை அழைப்பது நல்லது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் ஏராளமானோர் இன்சர்ட்டைக் கணப்படுப்புக்குள் தள்ளிவிட்டு, குழாய் எதுவும் இணைக்காமலே எரித்தார்கள். அகன்ற புகைபோக்கியில் புகை மெதுவாக ஏறிக் குளிர்ந்து, சுவரில் கிரியோசோட் என்னும் தாராகப் படியும். அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டும்.

ஆகவே இன்சர்ட்டின் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர் போட்டாக வேண்டும். லைனரும் கூலியும் சேர்ந்தால் பழைய அடுப்பின் விலையை எளிதில் தாண்டும் என்பதால், பேரம் பேசும் முன்பே அந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். இன்றைய இன்சர்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் புகைவாய் 6 அங்குலம். பழையவற்றில் 8 அங்குலமும் உண்டு. பல வீடுகளின் மண்குழாய்க்குள் 8 அங்குல லைனர் இறங்கவே இறங்காது. இந்த ஒரு அளவே பட்டியலில் பாதியைக் கழித்துவிடும்.

பிறகு, பெட்டியின் பின்னாலோ பக்கத்திலோ அடித்திருக்கும் உலோகத் தகடு. மாடல் பெயர், பாதுகாப்புச் சோதனை, இடைவெளிகள், புகைச் சான்று எல்லாம் அதில்தான் இருக்கும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ. 1988இல் விறகு அடுப்புகளுக்கு முதல் புகை வரம்பைக் கொண்டுவந்தது. 1990 முதல், புகையை எரிக்க உதவும் வினையூக்கி இல்லாதவற்றுக்கு மணிக்கு 7.5 கிராம் என்று இருந்த வரம்பு, படிப்படியாகக் குறைந்து 2020 மே மாதம் 2 கிராமாக இறங்கியது. பழையதை வைத்திருப்பதிலும் எரிப்பதிலும் கட்டுப்பாடு உண்டு. ஓரிகன் மாநிலத்தில் வீடு கைமாறும்போது சான்றில்லாத விறகு அடுப்பை அகற்றிவிட வேண்டும். மாண்ட்ரியலில் 2018 அக்டோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் அடுப்பை நீண்ட மின்தடை நேரம் தவிர மற்ற நேரங்களில் எரிக்க முடியாது. தகடு இல்லாத அடுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது. நகராட்சி அனுமதியும் வீட்டுக் காப்பீடும் அந்தத் தகட்டைத்தான் கேட்கும்.

இவ்வளவும் சரியென்றால் கராஜுக்குப் போகலாம். விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பற்றவைப்பிலோ வார்ப்பிலோ ஒளி கசிந்தால் அங்கே விரிசல். கதவிடுக்கில் ஒரு டாலர் நோட்டை வைத்துப் பூட்டி இழுத்தால் இறுக்கமாக இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கட் கயிறு தேய்ந்திருக்கிறது. கயிறு, உள்ளே அடுக்கிய செங்கல் இரண்டும் மலிவு, மாற்றிக்கொள்ளலாம். தொங்கிப்போன மேல்தட்டு, வளைந்த காற்றுக்குழாய், நெளிந்த உடல் ஆகியவை அளவுமீறி எரித்த அடையாளம். வினையூக்கி உள்ள மாடல் என்றால் அது தேயும் பாகம். புதியதற்குச் சில நூறு டாலர் ஒதுக்க வேண்டும். புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் அதன் அடியில் இருப்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். மின்விசிறியை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வாயைச் சுற்றி மூடும் தகடுகள் கூடவே வருகின்றனவா, தயாரித்த நிறுவனம் இன்றும் உதிரிபாகம் தருகிறதா என்பதையும் அங்கேயே விசாரித்துவிட வேண்டும்.

எடை 200 கிலோவை நெருங்கலாம். கதவையும் செங்கல்லையும் கழற்றினால் கணிசமாகக் குறையும். அப்படியும் நாலு பேர் வேண்டும்.

நிறுவும் முன் நகராட்சி அனுமதி, நிறுவிய பின் ஆய்வு, அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உட்பக்கத்தில் மீட்டரைக் குத்திப் பார்த்தால்தான் சரியான எண் கிடைக்கும். முதல் சில தீயைச் சிறிதாக மூட்டி, ஜன்னலைத் திறந்து வைத்தால் பெயிண்ட் வாடை போய்விடும். முதல் மாதம் முடிந்ததும் புகைபோக்கியை ஒருமுறை திறந்து, எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று பார்த்தால் விறகு போதுமான அளவு காய்ந்ததா, அடுப்பு காற்றை ஒழுங்காக இழுக்கிறதா என்பது தெரிந்துவிடும்.