இன்டர்வியூ போன் காலிலேயே தொடங்கிவிடுகிறது

தங்கச்சி, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் கேட்பது, "அக்கா, எந்த டிரெஸ் போட்டுட்டுப் போறது?" என்றுதான். டிரெஸ்ஸுக்குப் பிறகு வருகிறேன். உன்னைப் பற்றிய முதல் அபிப்பிராயம் அதற்கு முன்பே, ஹெச்.ஆர். ஆபீஸிலிருந்து போன் வருகிற அந்த இரண்டு நிமிஷத்தில் உருவாகத் தொடங்கிவிடும். ஆள் எடுக்கிற பக்கத்தில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

விண்ணப்பம் போட்டிருக்கும் நாட்களில் தெரியாத நம்பர் வந்தால் "யாருங்க?" என்று எடுக்காதே. "வணக்கம், நான் கவிதா பேசுறேன்" என்று பெயரைச் சொல்லி எடு. பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ இருந்தால் இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேச வேண்டாம். "மேடம், பஸ்ல இருக்கேன், பத்து நிமிஷத்தில நானே கூப்பிடட்டுங்களா?" என்று கேள். சொன்ன நேரத்துக்கு மறக்காமல் கூப்பிடு. தேதி, நேரம், எந்த வளாகம், யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதிக்கொண்டு, போனை வைக்கும் முன் அவர்களிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லு. நாள் முழுக்க வரிசையாகப் போன் போட்டுக்கொண்டிருக்கிற ஹெச்.ஆர். பெண்ணுக்கு, இப்படித் திருப்பிச் சொன்ன பிள்ளையின் பெயர் மனதில் நிற்கும். காலர் டியூன் இருந்தால் எடுத்துவிடு. வாட்ஸ்அப் டி.பி.யில் முகம் தெளிவாகத் தெரிகிற படம் இருக்கட்டும். சோகப் பாட்டு ஸ்டேட்டஸ் எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். ஈமெயில் ஐ.டி. உன் பெயரிலேயே இருப்பது நல்லது.

ஒரு முகத்தைப் பார்த்து மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வருகிறார்கள் என்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனைன் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் படத்தைக் காட்டினாலே, இவர் நம்பகமானவரா, திறமைசாலியா என்று பார்ப்பவர்கள் எடை போட்டுவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டாலும் முடிவு பெரிதாக மாறுவதில்லை, அந்த முடிவின் மேல் இருக்கிற உறுதிதான் கூடுகிறது. இது நியாயமான விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் நடக்கிற விஷயம். முகவெட்டை யாரும் மாற்ற முடியாது. முகத்தில் பதற்றம் ஏறாமல் பார்த்துக்கொள்ள முடியும். நான் பார்த்த வரையில் பாதிப் பதற்றம் கேள்விகளால் வருவதில்லை, வழி தவறியதாலும், ஃபைலில் ஒரு காகிதம் இல்லாததாலும், செருப்பு கடித்ததாலும் வருகிறது.

அதனால் வழியை முதலில் பார். தென் மாவட்டங்களிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடிகிற நேரத்தில் சென்னை கிளாம்பாக்கத்தில் இறங்குவாய். அங்கிருந்து அம்பத்தூர் ஒரு திசை, ஸ்ரீபெரும்புதூர் ஒரு திசை, ஓ.எம்.ஆர். இன்னொரு திசை. கம்பெனி பெயரை மட்டும் சொல்லி ஆட்டோ ஏறாதே. ஒரே கம்பெனிக்குச் சிறுசேரியில் ஒன்று, சோழிங்கநல்லூரில் ஒன்று என்று வளாகங்கள் இருக்கின்றன. தப்பான கேட்டில் போய் நின்றுவிட்டு, அழாத குறையாகப் போன் செய்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஓ.எம்.ஆரில் காலை நெரிசலோடு மெட்ரோ ரயில் வேலையும் சேர்ந்துகொள்ளும், ஆகவே மேப் காட்டுகிற நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். தங்க உறவுக்காரர் வீடு இருந்தால் முந்தின நாளே வந்துவிடு. கேட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், முகம் கழுவி, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்குவது நின்ற பிறகு ரிசப்ஷனுக்குப் போ. வெறும் வயிற்றோடு போகாதே. இரண்டு இட்லியாவது சாப்பிடு. எப்போது உள்ளே கூப்பிடுவார்கள் என்று சொல்லவே முடியாது.

கேட்டில் ஒரிஜினல் அடையாள அட்டை கேட்பார்கள், ரிஜிஸ்டரில் எழுதச் சொல்வார்கள். ஆதாரும் பேனாவும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். அங்கே நிற்கிற செக்யூரிட்டி அண்ணனிடமும் ரிசப்ஷன் பெண்ணிடமும் மரியாதையாகப் பேசு. சிறிய ஆபீஸ்களில் "அந்தப் பொண்ணு எப்படி?" என்று அவர்களிடம் கேட்பதுண்டு, நானே கேட்டிருக்கிறேன்.

ஃபைலில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மார்க் ஷீட்கள், புரொவிஷனல், பிறகு மற்ற சான்றிதழ்கள் என்று வரிசை வை. ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ், ரெஸ்யூம் இரண்டு மூன்று பிரதிகள், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகிறாய் என்றால் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போடு. ஒரிஜினலைக் காட்டு, சரிபார்க்கக் கொடு, ஆனால் அங்கேயே விட்டுவிட்டு வராதே.

இப்போது டிரெஸ். புதுசு வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்டுப் பழகிய, துவைத்து அயர்ன் செய்த காட்டன் சுடிதார் போதும். துப்பட்டாவைப் பின் பண்ணிவிடு. சேலை கட்டிப் பழக்கம் இருந்தால் சேலை, இல்லையென்றால் அன்றைக்குப் பரிசோதனை வேண்டாம். தம்பிகளுக்கு வெளிர் நிறச் சட்டை, அடர் நிற பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ. புது ஷூ வாங்கினால் ஒரு வாரம் முன்பே தெருவில் போட்டு நடந்து பழக்கிவிடு. பொட்டு, விபூதி, ஹிஜாப் என்று நீ தினமும் அணிவது எதையும் இதற்காகக் கழற்ற வேண்டியதில்லை. தூக்கலான சென்ட் மட்டும் வேண்டாம், மூடிய ஏ.சி. அறையில் அது எல்லோருக்கும் தலைவலி.

கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உட்காரச் சொன்ன பிறகு உட்கார். பையை மேஜைமேல் வைக்காமல் காலடியில் வை. கை கொடுத்தால் கொடு, கொடுக்காவிட்டால் வணக்கமோ குட் மார்னிங்கோ போதும். போன் சைலன்ட்டில் இருக்கட்டும்.

அடுத்ததாக, நம் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுகிற இடம்: "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்". "மைசெல்ஃப் கவிதா, மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப், மை ஹாபி இஸ் லிசனிங் டு மியூசிக்" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஒரு காலையில் வந்த அத்தனை பேரும் இதையே சொன்னால் நாங்கள் யாரை நினைவில் வைத்துக்கொள்வது? இந்தக் கேள்வியில் உண்மையில் நாங்கள் தேடுவது, இந்தப் பிள்ளையிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்பதைத்தான். அதற்கு உன் கையால் நீ செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீ பி.காம். முடித்தவள், அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறாய் என்று வைத்துக்கொள். அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு மூன்று வருஷமாக நீதான் கணக்கு நோட்டு எழுதுகிறாய். இது ரெஸ்யூமில் எழுதுகிற விஷயமே இல்லை என்று நினைத்து விட்டுவிடுவாய். என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "நான் பி.காம். முடித்திருக்கிறேன். காலேஜ் படிக்கும்போதே எங்கள் ஊர் மகளிர் குழுவின் சேமிப்பு, கடன் கணக்கை நான் எழுதினேன். ஒரு மாதம் வரவும் செலவும் ஒத்துவராதபோது பழைய ரசீதுகளை எடுத்து வைத்துத் தவறைக் கண்டுபிடித்தேன். அந்த வேலை பிடித்ததால் டாலி கற்றுக்கொண்டேன். அதனால்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்." சுமாரான ஆங்கிலத்தில் சொன்னாலும் இதைக் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த கேள்வி அந்தக் கணக்கு நோட்டைப் பற்றித்தான் வரும், அதற்கு உனக்குப் பதில் தெரியும். அப்பாவின் கடையில் ஸ்டாக் பார்த்தது, காலேஜ் விழாவுக்குச் சாப்பாட்டு ஏற்பாடு செய்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, எல்லாமே சொல்லத் தகுந்தவைதான். செய்யாததைச் செய்ததாக மட்டும் சொல்லாதே. இரண்டாவது கேள்வியிலேயே அது வெளுத்துவிடும்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்படுகிறாய், தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் பேசுகிற வேலை என்றால் ஆங்கிலம்தான் அந்த வேலை, அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். மற்ற பல வேலைகளில் சிறு சிறு வாக்கியங்களாக, நிதானமாகப் பேசினால் போதும். கேள்வி புரியாவிட்டால் "சாரி சார், ஒன்ஸ் மோர் ப்ளீஸ்" என்று கேள். ஒரு இடத்தில் வார்த்தை வராமல் நின்றால், எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்றால், தமிழில் சொல்லலாமா என்று அனுமதி கேட்கலாம். அதற்காக யாரும் உன்னைக் குறைவாக நினைத்தால் குறை அவர்களிடம். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்.

பெண் பிள்ளைகளிடம் "கல்யாணம் எப்போ?" என்று இன்னமும் கேட்கிறார்கள். கேட்கக் கூடாத கேள்வி என்பது என் உறுதியான கருத்து. கோபப்படாமல், "வேலையைத் தொடர்வது என்ற முடிவில் தெளிவாக இருக்கிறேன் சார்" என்று முடித்துவிடு. அதற்குப் பிறகும் விடாமல் துருவுகிற இடமா என்று நீயும் கவனித்துக்கொள். நைட் ஷிப்ட் உண்டா, வண்டி ஏற்பாடு உண்டா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

வீடியோ இன்டர்வியூ என்றால் ஜன்னல் உன் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். போனைக் கையில் பிடிக்காமல் கண் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வை. அந்த நேரத்தில் குக்கர் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பதிவுக் கட்டணம், டெபாசிட், பயிற்சிப் பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடு. லாட்ஜ் அறைக்கோ யாருடைய வீட்டுக்கோ இன்டர்வியூ என்று கூப்பிட்டால் போகவே போகாதே. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்.

மனதுக்குப் பிடித்த கம்பெனிக்குப் போவதற்கு முன் ஒரு ஒத்திகை வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் நடத்துகிற தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே வரிசையில் நின்று நாலு கம்பெனிக்காரர்களிடம் பேசிவிட்டு வந்தாலே நாக்கு பழகிவிடும்.

ஃபைலில் முதல் பட்டதாரி சான்றிதழ் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. அதனால் ஏற்கெனவே வேலையில் இருக்கிற அக்காக்கள், அண்ணன்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இந்த வருஷம் டிகிரி முடித்த ஒரு பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு எதிரில் உட்கார வையுங்கள். "உன்னைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள், அரை மணி நேரம் பொறுமையாகத் திருத்திக் கொடுங்கள்.