அறுபதைத் தாண்டிய விரல்களுக்கு கிட்டார்

1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது ‘இளைய நிலா’வின் கிட்டார் ஒலி மனதில் தங்கிவிட்டது. பணி ஓய்வு பெற்ற பிறகுதான் கிட்டாரைக் கையில் எடுக்க முடிந்தது. கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் வடிவம்) பிடிப்பது சீக்கிரம் வந்துவிடும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குத் தாளம் தவறாமல் மாறுவதில்தான் நம் வயதுக்காரர்கள் மனம் தளர்ந்து கிட்டாரை மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். அப்படி யாரும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மாறும்போது எந்த விரல் அசைய வேண்டியதில்லை என்று முதலில் பாருங்கள். சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போக ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மோதிர விரல் மட்டும் ஐந்தாம் கம்பியின் மூன்றாம் கட்டத்தை விட்டு, மூன்றாம் கம்பியின் இரண்டாம் கட்டத்துக்கு வந்தால் போதும். ஏ மைனரிலிருந்து இ மேஜருக்கு மூன்று விரலும் அதே வடிவத்தில் தடித்த கம்பிப் பக்கமாக ஒரு கம்பி நகரும். இந்த இரண்டு மாற்றங்களோடு தொடங்கினால் கை பயப்படாது.

எங்கள் குறிஞ்சிப்பாடி கைத்தறிக்குப் பேர்போன ஊர். தறிக்குழியில் இருக்கும் மிதிபலகையை நெசவாளி குனிந்து பார்த்தா மிதிக்கிறார்? விரலுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும். அதற்குத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50, 60 தட்டு என்று வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு மாற்றுங்கள். நான்காவது தட்டு முடியும் முன்பே இடது கை கிளம்பிவிடலாம். அந்த இடைவெளியில் வெறும் கம்பி ஒலித்தாலும் பரவாயில்லை, வலது கை நிற்கக் கூடாது. கேட்பவருக்குத் தப்பான சுரத்தைவிட நின்றுபோன தாளம்தான் முதலில் உறுத்தும்.

ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று வேளை போதும். காலையில் விரல் இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்துவிட்டு உட்காரலாம். விரல் நுனி எரிவது இயல்பு, காய்த்ததும் சரியாகிவிடும். மூட்டோ மணிக்கட்டோ வலித்தால் அன்றைக்கு வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். கம்பி பலகையிலிருந்து அதிக உயரத்தில் இருந்தால் கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள், மெல்லிய கம்பியாகவும் கேட்டு வாங்குங்கள். எங்கள் கடலூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பியில் விரல் வழுக்காது, மாற்றமும் தடுமாறும். வாசித்து முடித்ததும் பழைய கைலித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து வைக்கிறேன்.

எஃப் மேஜர்தான் பலருக்கும் கண்டம். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அழுத்த முடியாதவர்கள் எஃப் மேஜர் செவன் பிடிக்கலாம். சி மேஜரில் ஆள்காட்டி விரல் அப்படியே இருக்க, மற்ற இரண்டும் மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு கம்பி தள்ளி வரும். தடித்த இரண்டு கம்பிகளையும் மீட்டாமல் விட்டுவிட வேண்டும். கைக்கு ஏற்ப வடிவத்தை மாற்றிக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-ல் நடந்த தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் பெரும்பாலும் செயலிழந்தன. தன் கைக்கு ஏற்ற கார்டு வடிவங்களை அவரே அமைத்துக்கொண்டு ஐரோப்பிய ஜாஸ் உலகின் பெரிய கிட்டார் கலைஞரானார். நானும் இப்போதைக்கு எஃப் மேஜர் செவனை வைத்துத்தான் பாட்டுகளை வாசிக்கிறேன். தாளம் நிற்காமல் ஓடுகிறது.