நீலப் பாக்கெட்டா, பச்சைப் பாக்கெட்டா?

பால் சங்கத்தில் டெஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், சர்க்கரை நோயாளியும்கூட. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால் சுவாமிமலைக் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "சார், சுகர்காரங்க எந்தப் பாக்கெட் வாங்கணும், நீலமா பச்சையா?" என்று கேட்காதவர்கள் குறைவு. எதை வாங்கினாலும் சர்க்கரை ஒன்றுதான் என்பேன். யாருக்கும் பிடிக்காத பதில் அது. கொழுப்பு கம்மியான பாலில் சர்க்கரையும் கம்மியாகத்தான் இருக்கும் என்று பாதி ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது.

சங்கத்தில் நாங்கள் பாலை எப்படிப் பார்ப்போம் என்று சொன்னால் விஷயம் விளங்கும். விடிகாலையில் வரும் பாலை உயரமான ஜாடியில் ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்கவிடுவோம். நல்ல பசும்பால் என்றால் 28, 30 என்று நிற்கும். தண்ணீர் சேர்ந்திருந்தால் மிதவை இறங்கும், அளவு குறையும். இதையும் ஏமாற்றுகிற கில்லாடிகள் உண்டு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. அதை வழித்து எடுத்துவிட்டால் பால் அடர்த்தியாகி அளவு ஏறும். ஏறிய அளவுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டால் மிதவை ஒன்றுமே நடக்காததுபோல் பழைய இடத்திலேயே நிற்கும். அதனால்தான் கொழுப்பைத் தனியாகப் பார்ப்பது. முன்பு ஆசிட் ஊற்றிச் சுழற்றிப் பார்த்தோம், பிறகு மெஷின் வந்தது. கொழுப்புக்கு ஓர் எண், எஸ்.என்.எஃப். எனப்படும் இதரச் சத்துக்கு ஓர் எண். இந்த இரண்டையும் வைத்துத்தான் மாட்டுக்காரருக்குப் பணம். சர்க்கரைக்கென்று தனி எண் எந்தச் சீட்டிலும் வராது. ஏனென்றால் அது அந்த இதரச் சத்துக்குள்ளேயே இருக்கிறது. இதரச் சத்து 8.5 சதவீதம் என்றால் அதில் பாதிக்கு மேல் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. மீதி புரதம், தாது உப்புகள்.

இப்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஆவின் நீலத்தில் கொழுப்பு 3, இதரச் சத்து 8.5. பச்சையில் கொழுப்பு 4.5, இதரச் சத்து அதே 8.5. ஆரஞ்சில் 6-ம் 9-ம். இரு முறை சமன்படுத்திய பால் என்று விற்பதில் கொழுப்பு 1.5-தான், இதரச் சத்து 9. அதாவது கொழுப்பு பயத்தில் சுகர்காரர் தேடிப்போய் வாங்கும் பாலில் லாக்டோஸ் நீலத்தைவிட ஒரு துளி கூடுதலாகவே இருக்க வாய்ப்பு. எந்தப் பாலானாலும் 100 மில்லிக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் சர்க்கரை. 200 மில்லி டம்ளருக்குப் பத்து கிராம். எருமைப் பாலும் பசும்பாலும் இதில் பங்காளிகள்தான். நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் என்று இரட்டிப்பு விலைக்கு விற்கிறார்களே, ஏ1, ஏ2 வித்தியாசம் புரதத்தின் வகையில் இருக்கிறது, சர்க்கரையில் இல்லை. பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்று 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ருசிக்காக வாங்குங்கள், சுகருக்காக வாங்காதீர்கள்.

அப்படியானால் கொழுப்பைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும், வேறு காரணத்துக்காக. ஆரஞ்சுப் பாலில் 100 மில்லிக்கு 90 கலோரி அளவுக்கு இருக்கும், நீலத்தில் 60. எடை கூடுதலாக உள்ளவர், கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடுபவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் நீலத்திலோ அதற்குக் கீழோ நின்றுகொள்வது நல்லது. ஆனால் கொழுப்பு வில்லனும் இல்லை. நம் நாட்டினரும் அடக்கமாக 21 நாடுகளில் நடந்த பியூர் ஆய்வு 2020-ல் சொன்ன சேதி, தினமும் இரண்டு பங்கு பால், தயிர் சேர்த்துக்கொள்கிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது சற்றுக் குறைவு என்பது; கொழுப்பு எடுக்காத பாலுக்கும் அது பொருந்தியது. இது ஆட்களைக் கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வு. பாலால்தான் குறைந்தது என்று நிரூபித்ததாகாது. ஏற்கெனவே நோய் வந்துவிட்ட எனக்கு அதை அப்படியே பொருத்தவும் முடியாது. பாலைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்ற அளவில் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் நீலம்தான்.

உண்மையான வில்லத்தனம் டபராவில் நடக்கிறது. டிகிரி காபிக்குப் பெயர்போன கும்பகோணம் எங்களுக்கு எட்டு கிலோமீட்டர். காலையில் எழுந்ததும் ஒன்று, டிபனுக்குப் பின் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, யாராவது வந்தால் அவரோடு ஒன்று. ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்று வையுங்கள். நாலு டம்ளருக்கு லாக்டோஸ் இருபது கிராம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் அஸ்கா போட்டால் அது மட்டும் நாற்பது கிராம் பக்கம். பாலை நீலமா பச்சையா என்று ஆராய்ந்துவிட்டு, பாலில் இருப்பதைப்போல் இரு மடங்கு சர்க்கரையை நாமே அள்ளிப் போடுகிறோம். முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். ஒரேயடியாக முடியாதவர்கள் வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைக்கலாம், நாக்கு பழகிவிடும். சர்க்கரை போகும்போது டிகாக்‌ஷன் நன்றாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். பழைய பொடி, இரண்டாம் டிகாக்‌ஷன் இவற்றின் குறையைச் சர்க்கரை மூடி மறைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன், பனங்கற்கண்டுதான் போடுகிறேன் என்பவர்களைக் கண்டால் எனக்குப் பதில் சொல்லவே அலுப்பு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் மீட்டருக்குத் தெரியாது. எல்லாம் ரத்தத்தில் குளுகோஸாகத்தான் வந்து நிற்கும். ராத்திரி பாலில் மஞ்சள்தூள், மிளகு போடுவதில் தப்பில்லை. அதோடு கற்கண்டும் சேரும்போதுதான் கேடு.

அடுத்தது, பாலை எதோடு குடிக்கிறோம் என்பது. எங்கள் பக்கத்தில் பாலைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் வைப்பதில்லை. நாலு இட்லி, மேலே ஒரு காபி என்றால் நாலு இட்லி மட்டுமே சாப்பிட்டதாகச் சொல்வோம். பால் மட்டும் தனியாகக் குடித்தால் சுகர் மெதுவாகத்தான் ஏறும். அதன் கிளைசீமிக் இண்டெக்ஸ் குறைவு. வயிறு நிறைய அரிசிப் பண்டத்தைச் சாப்பிட்டுவிட்டு அதன் தலையில் பாலை ஊற்றினால் இரண்டும் சேர்ந்த கணக்கு. நான் டிபன் காபியைப் பதினோரு மணிக்குத் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குப் பிந்தைய ரீடிங் இறங்கியதற்கு மாத்திரையைவிட இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். டாக்டர் சிரித்தார், மறுக்கவில்லை.

உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். குடிப்பதற்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று குத்திப் பாருங்கள். ஒருநாள் ரீடிங்கை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. வீட்டு மீட்டருக்கு 15 சதவீதம் வரை ஏறுமாறாகக் காட்ட உலகத் தரக் கணக்கிலேயே இடம் உண்டு. உண்மையில் 160 இருப்பது 140 என்றும் காட்டும், 180 என்றும் காட்டும். அதே பால், அதே அளவு, அதே நேரம் என்று சில நாள் பார்த்தால்தான் போக்கு தெரியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். பழம் உரித்த விரலில் குத்திவிட்டு 250 என்று அலறியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

தயிரும் மோரும் பாலைவிடத் தேவலை. உறை ஊற்றும்போது லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியா தின்று புளிப்பாக்கிவிடுகிறது. மோரில் தண்ணீரும் சேர்வதால் சர்க்கரை இன்னும் நீர்த்துப்போகும். வெயில் காலத்தில் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்ட நீர்மோரைவிட நல்ல பானம் சுகர்காரருக்கு எனக்குத் தெரிந்து இல்லை. பிரஷர் உள்ளவர் உப்பை மட்டும் குறைக்க வேண்டும். ஆனால் தயிர்சாதத்தில் சுகரை ஏற்றுவது சாதம். அதற்குத் தயிர்மேல் பழி போடக்கூடாது. பால் எல்லோருக்கும் ஒரேபோல் ஒத்துக்கொள்வதில்லை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் மலைமேல் முருகனுக்குக் குடம் குடமாகப் பால் அபிஷேகம். பக்கத்துத் திருவலஞ்சுழியில் வெள்ளைப் பிள்ளையாருக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. கடல் நுரையால் ஆனவர் என்பதால் பச்சைக் கற்பூரப் பொடியோடு சரி. தம்பிக்கு ஒத்துக்கொள்வது அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது நம் சாமிகளுக்கே தெரிந்திருக்கிறது.

இனி பாலுக்கு மாற்று. தகப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன ஊர் என்பதால் பிள்ளைகள் சொன்னால் கேட்டுக்கொள்வது இங்கே வழக்கம். சென்னையிலிருந்து வந்த மகள் ஓட்ஸ் பால் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். "குடிச்சுப் பாருங்கப்பா, சுகர் ஃப்ரீ" என்றாள். டப்பாவைத் திருப்பினேன். சேர்க்கப்பட்ட சர்க்கரை பூஜ்யம், வாஸ்தவம். ஆனால் மொத்தக் கார்போஹைட்ரேட் 100 மில்லிக்கு ஏழு கிராம் போட்டிருந்தது, மாட்டுப் பாலைவிடக் கூடுதல். ஓட்ஸை அரைத்து நொதி சேர்க்கும்போது அதிலுள்ள மாவுச்சத்து உடைந்து மால்டோஸ் என்ற சர்க்கரையாகிறது. யாரும் வெளியிலிருந்து சர்க்கரை போடவில்லை என்பதால் 'சேர்க்கப்பட்ட' என்ற வரியில் பூஜ்யம். லாக்டோமீட்டரை ஏமாற்றுகிற அதே வித்தைதான்: ஓர் எண்ணை மட்டும் காட்டுவது. இந்தப் பாடத்தை மகளுக்கு நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அரிசிப் பால் என்றும் டப்பாவில் வருகிறது. மூன்று வேளையும் அரிசி தின்கிற டெல்டாக்காரன் அதைக் குடிக்கவும் வேண்டுமா? மாற்றுப் பால்களில் சுகரை வேகமாக ஏற்றுவதில் அதற்குத்தான் முதலிடம். இனிப்பு சேர்க்காத பாதாம் பாலில் சர்க்கரை அநேகமாக இல்லை, புரதமும் இல்லை. பாதாமைவிடத் தண்ணீருக்குத்தான் காசு. அதற்குப் பதில் பத்துப் பாதாமை ஊறவைத்து மென்று தின்றுவிடலாம். ராத்திரி தள்ளுவண்டியில் மஞ்சளாகக் கொதிக்கிற பாதாம் பால் வேறு வகை, அது சர்க்கரைப் பாகு. தேங்காய்ப் பாலில் சர்க்கரை கம்மி, கொழுப்பு மிக அதிகம், குழம்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாற்று வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இனிப்பு சேர்க்காத சோயா பால். புரதம் மாட்டுப் பாலுக்குக் கிட்டத்தட்டச் சமம், சர்க்கரை குறைவு. வீட்டிலேயே செய்யலாம்: ராத்திரி ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து வடிகட்டி, பத்துப் பதினைந்து நிமிஷம் கிண்டிக் கொதிக்கவிட வேண்டும். சரியாகக் கொதிக்காத சோயா செரிக்காது. காபிக்கு அதன் வாசனை ஒத்துவரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் சோயா, பால், காபி எதையும் மாத்திரையோடு ஒட்டிக் குடிக்கக்கூடாது. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பால் குடித்தால் வயிறு உப்புசம் என்பவர்கள் லாக்டோஸ் நீக்கிய பால் வாங்குகிறார்கள். வயிற்றுக்கு நல்லது. சர்க்கரை எங்கும் போய்விடவில்லை, குளுகோஸ், காலக்டோஸ் என இரண்டாகப் பிரிந்து உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் அது நாக்கில் கூடுதலாகத் தித்திக்கும்.

பாலை அடியோடு நிறுத்த நினைக்கும் சைவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வரும் மாத்திரைகளில் சுகருக்கான மெட்ஃபார்மின் உண்டு. நல்ல மாத்திரை, வருஷக்கணக்கில் சாப்பிடும்போது பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கறி, மீன், முட்டை சாப்பிடாதவருக்கு பி12 வரும் முக்கிய வழி பாலும் தயிரும்தான். இரண்டையும் விட்டால் கால் மரத்துப்போவது சுகராலா, பி12 குறைவாலா என்று தெரியாமல் அலைய நேரிடும். ரத்தத்தில் பி12 அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாற்றுப் பால் வாங்கினால் பி12, கால்சியம் சேர்த்திருக்கிறதா என்று டப்பாவில் பாருங்கள். கிட்னி பாதிக்கப்பட்டவர்களுக்கோ கணக்கே வேறு. பாலிலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், புரதம் மூன்றையும் டாக்டர் அளந்து கொடுக்க வேண்டும். என் பேச்சையோ பக்கத்து வீட்டுக்காரர் பேச்சையோ கேட்டு நடக்கிற இடமில்லை அது.

கடைசியாக, இந்த ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று. கிருத்திகை அன்று பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்து அறுபது படி ஏறுகிறவர்கள் பலர். காலையில் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிடுவார்கள். இன்சுலின் போடுபவர்களும் அப்படியே. பதினோரு மணி வெயிலில் படியில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரும். பக்கத்திலிருப்பவர்கள் பால் செம்பை நீட்டுவார்கள். தாழ்ந்த சுகரைத் தூக்கப் பாலுக்கு வேகம் போதாது, கொழுப்பு அதை இழுத்துப் பிடிக்கும். அந்த நேரத்தில் 15 கிராம் குளுகோஸ், இல்லையென்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைக்க வேண்டும். நினைவோடு இருப்பவருக்குப் பதினைந்து நிமிஷம் கழித்துக் குத்திப் பார்த்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. தேறிய பிறகு பால் கொடுக்கலாம். விரத நாளில் மாத்திரையைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை முந்தின வாரமே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளுகோஸ் பொட்டலத்தை வேட்டி மடிப்பில் செருகாதீர்கள், ஏறும்போது விழுந்துவிடுகிறது; சட்டைப் பையில் வையுங்கள்.