அழுத்தம் எங்கே விழுகிறது?

போன செமஸ்டர் புராஜெக்ட் பிரசெண்டேஷனில் "வாட்டர்-கூல்ட்" எஞ்சினைப் பற்றிப் பேசினேன். "கூ-லெட்" என்று உடைத்து, எல்லா அசையையும் ஒரே பலத்தில் சொன்னேன். விரிவுரையாளர் "என்ன எஞ்சின்?" என்று இரண்டு முறை கேட்டார். எஞ்சின் எனக்கு நல்லாவே தெரியும். வார்த்தைதான் காலை வாரிவிட்டது. அன்று ராத்திரியே அகராதியோடு உட்கார்ந்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் படி, அசை பிரிப்பது. மலாய்ப் பாடத்தில் "சுக்கு காத்தா" பிரித்தோமே, அதே வேலைதான். ஆனால், எழுத்தைப் பார்த்து எண்ணாதீர்கள். காதால் கேட்டு எண்ணுங்கள். கடைசியில் வரும் "ஈ-டி" பொதுவாக ட், ட ஒலிகளுக்குப் பிறகுதான் தனி அசையாகும்.

லெஃப்ட்-ஹேன்-டட்: 3 அசை. "டட்" தனியாக நிற்கிறது.
ஓல்ட்-ஃபே-ஷன்ட்: இதுவும் 3தான். "ஃபே-ஷ-னெட்" இல்லை.
வாட்-டர்-கூல்ட்: 3. "கூல்ட்" ஒரே அசை.

இரண்டாம் படி, அழுத்தம். (') குறிக்கு அடுத்த அசையை ஓங்கிச் சொல்லணும்.

1. முதல் சொல் பெயரடை, அடுத்தது "ஈ-டி"யில் முடிகிறது என்றால், முக்கிய அழுத்தம் பெரும்பாலும் இரண்டாம் சொல்லில்: பேட்-'டெம்-பர்ட், ஓல்ட்-'ஃபே-ஷன்ட்.
2. முதல் சொல் எண் என்றாலும் அப்படியே: செ-கண்ட்-'கிளாஸ்.
3. முதல் சொல் பெயர்ச்சொல், அடுத்தது வினையிலிருந்து வந்தது என்றால், பல சொற்களில் அழுத்தம் முதலில்: 'வாட்-டர்-கூல்ட், 'டைம்-கன்-சியூ-மிங்.

இன்னொரு விஷயம். "தி ஹவுஸ் இஸ் ஓல்ட்-'ஃபேஷன்ட்" என்போம். அதே சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால், அழுத்தம் முன்னே நகரும்: "அன் 'ஓல்ட்-ஃபேஷன்ட் 'ஹவுஸ்". இரண்டு அழுத்தம் பக்கத்தில் பக்கத்தில் முட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்தையும் சமமாகச் சொல்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், தெரிந்த விஷயம் கேட்பவர் காதில் சரியாக விழாமல் போனால் நட்டம் நமக்குத்தானே?

இப்போது நீங்கள் பிரித்துப் பாருங்கள்: கைண்ட்-ஹார்ட்டட், ஏர்-கண்டிஷன்ட்.

விடை: கைண்ட்-'ஹார்ட்-டட் (3 அசை), 'ஏர்-கன்-டி-ஷன்ட் (4 அசை).

மனசுக்குள் படித்தால் போதாது. வாய்விட்டு, மேசையில் தட்டித் தட்டிச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் பழகினேன். அடுத்த பிரசெண்டேஷனில் யாரும் "என்ன எஞ்சின்?" என்று கேட்கவில்லை, எஞ்சினைப் பற்றித்தான் கேட்டார்கள்.