பெயரில்லாப் பெட்டிகள்: இணையப் படிவம் குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

இணையப் படிவத்தை நிரப்புகையில் பிழை நேர்ந்தால் அது நிரப்பியவரின் கவனக்குறைவு என்று கொள்ளும் வழக்கம், காகிதப் படிவங்களின் காலத்திலிருந்து அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. காகிதத்திலாவது, கட்டத்துக்கு வெளியே எழுதினாலும் ஓரத்தில் ஒரு விளக்கம் சேர்த்தாலும், அதைப் படித்துப் புரிந்துகொள்ள மேசைக்கு மறுபுறம் ஓர் எழுத்தர் இருந்தார். இணையத்தில் அவருடைய இடத்தில் அமர்ந்திருக்கும் நிரலோ, தன்னை எழுதியவர்கள் எதையெல்லாம் எண்ணிப் பார்த்தார்களோ அதை மட்டுமே விடையாக ஏற்று, எஞ்சிய அனைத்தையும் பிழையென்று திருப்பியனுப்புகிறது. ஆகவே நிரப்புவோரின் தவறுகளாகக் கணக்கிடப்படுவனவற்றில் பெரும்பகுதி வடிவமைப்போரின் நம்பிக்கைகளிலிருந்து பிறப்பவை; அவற்றுள் மிகப் பரவலான சில இங்கே சோதிக்கப்படுகின்றன.

நம்பிக்கை: பெட்டிக்குள்ளேயே மங்கலான எழுத்தில் குறிப்பு இருந்தால், அதற்கு மேலே தனியாகப் பெயர் எழுத வேண்டியதில்லை.

திரை நெருக்கமின்றி இருக்க வேண்டும் என்ற ஆசையால் பிறந்த வழக்கம் இது. பிளேஸ்ஹோல்டர் எனப்படும் அந்தக் குறிப்பெழுத்து, முதல் எழுத்தைத் தட்டிய உடனே மறைந்துவிடுவதால், பாதியில் தொலைபேசி அழைப்புக்காக எழுந்து சென்று திரும்பியவருக்குத் தாம் எழுதியது கதவு எண்ணா தெருவின் எண்ணா என்று சரிபார்க்க வழியே இருப்பதில்லை. வேறு சிலரோ, உதாரணத்துக்காகக் கொடுக்கப்பட்ட எண்ணை ஏற்கெனவே நிரப்பப்பட்ட விடை என்று எண்ணி அந்தப் பெட்டியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அதன் சாம்பல் நிறமும் ஒரு தடையே. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிவேறுபாடு, வெள்ளையின் மேல் வெள்ளைக்கு 1 என்றும் வெள்ளையின் மேல் கருப்புக்கு 21 என்றும் கணக்கிடப்படுகிறது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிடும் அணுகுதன்மை வழிகாட்டி நெறிகள், சாதாரண அளவுள்ள எழுத்துக்கு இது குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்று கேட்க, மங்கல் குறிப்புகள் பல அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. வலைப்பக்கங்களின் மொழியாகிய எச்.டி.எம்.எல்.லின் தர ஆவணமே, இக்குறிப்பைப் பெயருக்கு மாற்றாகப் பயன்படுத்தலாகாது என்று சொல்லியிருக்கிறது.

பெயர் எழுதுவது மட்டும் போதாது, அப்பெயர் பெட்டியோடு கட்டப்பட்டும் இருக்க வேண்டும் என்பதே இதன் மறுபாதி. பார்வையற்றோர் கணினியிலும் கைபேசியிலும் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். பார்வையற்ற இருவர் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி இன்றும் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ., ஆண்ட்ராய்டு கைபேசிகளின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் ஆகியவை இவ்வகையின. இவை திரையிலுள்ளதைக் கண்ணால் பார்ப்பதில்லை. பக்கத்தின் நிரலைப் படித்து ஒலியாக்குகின்றன. லேபிள் என்னும் கூறால் பெயரும் பெட்டியும் நிரலில் இணைக்கப்படாவிட்டால், திரையில் அவை எவ்வளவு நெருங்கி நின்றாலும், கேட்பவரின் காதில் விழுவது 'எழுதுமிடம், வெற்று' என்பது மட்டுமே. 'ஆம்', 'இல்லை' என்ற இரு வட்டப் பொத்தான்களைக் கேள்வியோடு சேர்த்துத் தொகுக்காத படிவம் இன்னும் விந்தையானது. எந்தக் கேள்விக்கு என்று சொல்லாமல் ஆமா இல்லையா என்று மட்டும் அது கேட்கிறது. இந்த இணைப்பு ஒரு வரி நிரலுக்கு மேற்பட்ட செலவில்லாதது. அதன் பயனோ பார்வையற்றோருடன் நின்றுவிடுவதில்லை. இணைக்கப்பட்ட பெயரைத் தொட்டாலே பெட்டி தேர்வாகிவிடுவதால், கைநடுக்கம் உள்ளவர்களும் ஓடும் பேருந்தில் கைபேசியைப் பிடித்திருப்பவர்களும் ஒரு சிறு சதுரத்தைக் குறிபார்த்துத் தொடும் தொல்லையிலிருந்து விடுபடுகிறார்கள்.

நம்பிக்கை: தவறான பெட்டியைச் சிவப்பாக்கினால் போதும், நிரப்புவோர் புரிந்துகொள்வர்.

நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது என்பது மேற்கூறிய நெறிகளின் முதற்பதிப்பு வெளியான 1999ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு வடக்கு ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது; வெயிலில் நின்று கைபேசியைப் பார்க்கும் எவருக்கும் அது தற்காலிகமாக வாய்க்கிறது. அதைவிடப் பெரிய குறை, 'செல்லாத உள்ளீடு' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் அறிவிப்பில் இருக்கிறது. 'பின்கோடு 6 இலக்கம் கொண்டது, இங்கே 5 மட்டுமே உள்ளன' என்று அந்தப் பெட்டியின் அருகிலேயே எழுதினால் திருத்தம் ஒரு நொடியில் முடியும். ஆதார் அட்டையில் 12 இலக்கங்களும் நான்கு நான்காக இடைவெளி விட்டே அச்சிடப்பட்டிருக்க, அதைப் பார்த்து அப்படியே தட்டியவரிடம் இடைவெளி கூடாது என்று கண்டிக்கும் படிவங்கள் உள்ளன. இடைவெளியை நீக்குவது கணினிக்கு மிக எளிய வேலை என்பதால், அதை மனிதரிடம் ஒப்படைத்தது சோம்பல் என்றே கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிழை குறையும்; எண் கேட்கும் இடத்தில் எண்ணுக்குரிய பெட்டியே சரி.

விடைகள் சிலவாக இருக்கையில் முதற்பாதி உண்மைதான். பிறந்த ஆண்டுக்கு விரிபட்டியல் வைத்தால், 1952இல் பிறந்தவர் எழுபதுக்கும் மேற்பட்ட வரிகளைத் தள்ளிக்கொண்டே இறங்கி, விரல் வழுக்கினால் மீண்டும் ஏற வேண்டியிருக்கிறது. நாள்காட்டிப் படத்தை விரித்துக் காட்டினால் அவர் மாதம் மாதமாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பிறந்த தேதியைக் கேட்க, நாள், மாதம், ஆண்டு என்று பெயரிட்ட மூன்று எழுத்துப் பெட்டிகளே பிரிட்டிஷ் அரசின் இணையதளங்களில் பரிந்துரைக்கப்படுகின்றன. எண்பெட்டி குறித்தும் அவ்வரசின் அனுபவம் பயனுள்ளது. அப்பெட்டி எண்ணிக்கைகளுக்காக உருவானது. கணக்கெண், அட்டை எண் போன்றவை இலக்கங்களால் எழுதப்பட்ட அடையாளங்களே தவிர, கூட்டவோ குறைக்கவோ தக்க எண்ணிக்கைகள் அல்ல. அந்தப் பெட்டியில் கர்சர் இருக்கையில் சுட்டியின் சக்கரத்தை உருட்டினால், நிரப்பியவர் அறியாமலே மதிப்பு மாறிவிடுவதுண்டு. இத்தகைய காரணங்களால் பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2020இல் எண்பெட்டியைக் கைவிட்டு, எழுத்துப் பெட்டியையே வைத்துக்கொண்டு கைபேசியில் எண்பலகை மட்டும் தோன்றச் செய்யும் முறைக்கு மாறியது.

நம்பிக்கை: தொல்லை கூடினால் பாதுகாப்பும் கூடும்.

கோணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்ச்சா, மனிதரால் முடியும், கணினியால் முடியாது என்ற ஊகத்தின் மேல் கட்டப்பட்டது. 2014இல் கூகுள், தன்னுடைய மிகக் கடினமான கோணல் எழுத்துகளைத் தன் நிரலே 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட துல்லியத்துடன் படித்துவிட்டதாக அறிவித்தபோது அந்த ஊகம் தலைகீழாயிற்று. படிக்க முடியாமல் வாசலில் நின்றவர்கள் மனிதர்கள்தான். கடவுச்சொல் பெட்டியில் ஒட்டுவதைத் தடைசெய்வதும் இதே இனம். நீண்ட, கடினமான கடவுச்சொற்களை உருவாக்கி நினைவில் வைக்கும் மென்பொருள்களை அது முடக்கி, மனிதரைச் சிறிய, எளிய சொற்களை நோக்கித் தள்ளுகிறது. 2023 அக்டோபரில் வெளியான அணுகுதன்மை நெறிகளின் 2.2ஆம் பதிப்பு, உள்நுழைவுக்காக எவரையும் நினைவாற்றல் சோதனைக்கு உட்படுத்தாமல் மாற்றுவழி தர வேண்டும் என்று கேட்கிறது; ஒட்டுவதை அனுமதிப்பது அம்மாற்றுவழிகளுள் ஒன்று.

இந்தியாவில், பாதுகாப்புச் சோதனை யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வங்கிக் கணக்கு, சிம் அட்டை ஆகியவற்றுக்காக மின்னணு முறையில் அடையாளம் சரிபார்க்கையில், எதிரில் இருப்பவர் உயிருள்ள மனிதர்தான் என்பதை நிறுவக் கண்சிமிட்டச் சொல்வது வழக்கம். அமிலத் தாக்குதலில் இமைகளை இழந்தவருக்கும், கேமராவின் சட்டத்துக்குள் தம் முகம் இருக்கிறதா என்று காண இயலாதவருக்கும் அந்த வாசல் மூடிவிடுகிறது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, கண்சிமிட்டலுக்கு மாற்றுவழிகள் உட்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

நம்பிக்கை: ஆயத்த நிரல் ஒன்றை வாங்கிச் சேர்த்தால் தளம் அனைவருக்கும் ஏற்றதாகிவிடும்.

ஆகாது. எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும் பொத்தான்களை அது சேர்க்கலாம். பெட்டிக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதை அதனால் ஊகிக்கத்தான் முடியும். அத்தகைய நிரலை விற்றுப் பொய்யான வாக்குறுதி அளித்ததற்காக ஒரு நிறுவனம் 10 இலட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது.

நம்பிக்கை: எல்லோருக்கும் முதற்பெயரும் குடும்பப்பெயரும் உண்டு.

தமிழருக்கு மிக நெருக்கமான தடை இது. தந்தையின் பெயரோ தாயின் பெயரோ முதலெழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும் வழக்கத்தில் குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லை. இருந்தும் நட்சத்திரக் குறியிட்ட 'கடைசிப் பெயர்' பெட்டி விடாமல் கேட்பதால், தலைப்பெழுத்தை அதில் இட்டால் ஓரெழுத்து போதாது என்றும், புள்ளியோடு இட்டால் சிறப்புக் குறிகள் கூடாது என்றும் மறுக்கப்பட்டு, முடிவில் தந்தையின் முழுப்பெயர் அங்கே அமர, அதன்பின் வரும் மின்னஞ்சல்கள் மகளைத் தந்தையின் பெயராலேயே விளிக்கின்றன. ஒற்றைப் பெயருள்ள கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாது என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சாகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட கடவுச்சீட்டுடன் வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என அறிவித்தது. சுகர்னோ, சுகார்த்தோ என ஒற்றைப் பெயருடைய இருவர் அடுத்தடுத்து ஆண்ட இந்தோனேசியாவுக்கும் இச்சிக்கல் புதிதன்று. முழுப்பெயருக்கு ஒரே பெட்டியும், தேவைப்பட்டால் எவ்வாறு அழைக்கலாம் என்று கேட்கும் இன்னொரு பெட்டியும் வைப்பது வலைச் சேர்த்தியம் முன்வைக்கும் தீர்வுகளுள் அடங்கும்.

பெயரைத் தமிழிலேயே எழுத முயன்றால் தடை இன்னும் நுட்பமாகிறது. 'தமிழ்' என்ற சொல் படிப்பவருக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கான உலகத் தரமாகிய யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள், பரவலான யூ.டி.எஃப்.-8 சேமிப்பு முறையில் 15 பைட்டுகள். பைட்டுகளை எண்ணி எல்லை வகுத்த பெட்டி, நடுத்தர நீளமுள்ள தமிழ்ப் பெயரையும் பாதியில் வெட்டுகிறது. 'எழுத்துகள் மட்டும்' என்று சோதிக்கும் நிரலோ த, ம, ழ மூன்றையும் ஏற்றுக்கொண்டு, இகரக் குறியையும் ழகரத்தின் புள்ளியையும் மறுக்கிறது. யூனிகோடின் வகைப்பாட்டில் அவ்விரண்டும் எழுத்துகளாக அல்லாமல், எழுத்தைச் சார்ந்த குறிகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. சோதனையில் குறிகளின் வகையையும் சேர்த்துக்கொள்ளும் படிவம் அந்தப் பெயரை முழுதாக ஏற்கிறது.