சுண்டெலிக்கு வென்டிலேட்டர் வைப்பது எப்படி?

இதய ஆராய்ச்சிக்காக ஒரு சுண்டெலியின் நெஞ்சைத் திறக்கிறார்கள்னு வச்சுக்கோங்க. திறந்ததுமே நுரையீரல் சுருங்கிடும், அதால தானா மூச்சு விட முடியாது. அதனால முன்கூட்டியே மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் செலுத்தி, வென்டிலேட்டரில் இணைக்கணும். இதுதான் இன்டியூபேஷன்.

எலியின் எடை சுமார் 25 கிராம். அதற்கு டியூப் எங்க போய் வாங்குறது? ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏத்துற அதே ஐவி கேனுலாதான், 20 அல்லது 22 கேஜ். ஊசியை உருவிட்டு பிளாஸ்டிக் குழாயை மட்டும் எடுத்துப்பாங்க.

எலியைச் சாய்வான பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேல் முன்பற்களை ஒரு நூலில் மாட்டுவார்கள். கழுத்துக்கு வெளியே இருந்து பளிச்சென ஒரு விளக்கு. நாக்கை மெதுவா வெளியே இழுத்துப் பார்த்தா, தொண்டைக்குள் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி மூச்சுக்கு ஏற்ப திறந்து திறந்து மூடும். அதுதான் குரல்வளை வாசல். அது திறக்கும் நொடியில் டியூப் உள்ளே போகணும். கொஞ்சம் தவறினால் உணவுக்குழாய்க்குள் போயிடும். வென்டிலேட்டரைப் போட்டதும் நெஞ்சின் இரண்டு பக்கமும் சமமா எழும்பினால் சரி. வயிறு உப்பினா உடனே வெளியே எடுக்கணும். ஒரு பக்கம் மட்டும் எழும்பினா டியூப் ரொம்ப ஆழமா போயிருக்கலாம்.

டியூப் சரியா போனாலும் எலி சாகலாம். இங்கதான் நம்ம ஆளுங்களுக்கு வேலை. சுண்டெலி ஒரு மூச்சில் இழுக்கும் காற்று சுமார் 0.2 மில்லிதான். கேனுலாவுக்கும் வென்டிலேட்டருக்கும் நடுவில் 2 மிமீ உள்விட்டம், 10 செமீ நீளத்தில் ஒரு ஒற்றைக் குழாய் மாட்டினால் அதன் கொள்ளளவு 0.31 மில்லி. அதாவது எலி விட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே போகும். இதுதான் டெட் ஸ்பேஸ். மனுஷனுக்கு இந்த 0.31 மில்லி ஒரு பொருட்டே இல்ல.

சரி, குழாயை ஒல்லியாக்கிடலாமா? பாய்சொய் சமன்பாட்டை நினைச்சுப் பாருங்க, ஆரத்தின் நான்காம் அடுக்கு. உள்விட்டம் 0.8 மிமீ-லிருந்து 0.6 ஆனாலே தடை மூணு மடங்குக்கு மேல ஏறிடும். அதனால உள்ளே போற காற்றுக்கும் வெளியே வர்ற காற்றுக்கும் தனித்தனிக் குழாய் வச்சு, இரண்டையும் எலியின் வாய்க்குப் பக்கத்திலேயே ஒய் கனெக்டரில் சேர்ப்பார்கள். கனெக்டருக்கும் கேனுலாவுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட சும்மா விட மாட்டாங்க.